யானை மிதித்த வேட்டி

நண்பன் முனாபின் கெப் வண்டிக்குக் கைபிரேக் இல்லை. "சீட்டுக்குக் கீழ ஒரு கல்லு கிடக்கு மச்சான். நிப்பாட்டினா அதச் சில்லுக்கு அடை வை" என்று சொல்லி வண்டித் திறப்பை நீட்டினான். நிதுர்ஷன் தலையாட்டி வாங்கிக்கொண்டான். ஏன் திருத்தவில்லை, எவ்வளவு காலமாக இப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற பழக்கமே அவனை விட்டுப் போயிருந்தது.

தை மாதத்துப் பூரணை, போயா விடுமுறை. செட்டிபாளையத்து வீட்டு வாசலில் மாமி சுலோஜனா, அவன் மனைவி மேனுகாவின் தாய், பட்டுச் சாறியோடு வெள்ளெனவே ஆயத்தமாக நின்றார். கெப்பின் பின்தட்டில் எதையோ ஏற்றி, நீலப் படங்கால் மூடி, மூலைகளைக் கயிற்றால் இறுக்கியிருந்தார்.

"கோயில் சாமான்" என்றார், அவன் கேட்காமலே.

மச்சாள் தக்ஷாயினி பின் ஆசனத்தில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். மேனுகாவின் ஒரே தங்கை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வாய்க்காரி. இன்றைக்கு அவள் முகம் அம்மி போல இறுகிக் கிடந்தது.

போக வேண்டிய இடம் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில். மண்முனைப் பாலத்தால் போனால் கிட்ட. மாமி சுற்று வழியைச் சொன்னார்.

"களுவாஞ்சிகுடிக்குப் போய், பட்டிருப்புப் பாலத்தால கிறுகி, வெல்லாவெளியில எங்கட வட்டையையும் ஒருக்காப் பார்ப்பம் மருமகன். நெல்லு விளைஞ்சு கிடக்காம். மறுகா ஆத்தங்கரையாலயே கோயிலுக்குப் போவம். வரக்குள்ள கடக்கரை ரோட்டால வரலாம்."

"ஆத்த ஒரு சுத்து" என்றாள் தக்ஷாயினி ஜன்னலைப் பார்த்தபடி. "பொம்புள மாப்பிள ஊர்வலம் போல."

மாமி திரும்பி முறைத்தார். நிதுர்ஷன் வண்டியைக் கிளப்பினான். அவன் காதில் அது விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். நிதுர்ஷனும் ஒரு பட்டமும் ஒரு தோற்பெட்டியுமாக நகரத்திலிருந்து அப்படித்தான் வந்தான். மேனுகா காய்ச்சல் என்று படுத்தாள். அந்தக் கிழமை முடியுமுன் செத்துப்போனாள். அவர்களுக்குப் பிள்ளையும் இருக்கவில்லை.

அப்படி நேர்ந்தால் மேனுகாவின் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. ஆண்டுத் திவசம் முடிந்ததும் ஆண் பெட்டியை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவான். போகாமல் இருந்தால், வீட்டில் கலியாணமாகாத தங்கையும் இருந்தால், அவளை முடிக்கச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. திவசத்துக்குப் பிறகும் அவன் சட்டை அந்த வீட்டுக் கொடியில் காய்ந்தால் போதும்.

நிதுர்ஷனுக்கு இது தெரியும். மேனுகாவே ஒரு சித்தியின் கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தன்னைப் பற்றிய விஷயமும் அதுதான் என்று மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை. திவசம் முடிந்தது. மழை வந்தது, ஓய்ந்தது. அவன் வேலைக்குப் போனான், வந்தான், சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டான். அந்தக் கொடி தாழ்வாக இருந்தது. மேனுகா கட்டையான ஆள், தன் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டியிருந்தாள். கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அவன் அதற்குக் குனிந்தான். பெட்டியை எடுத்தால் அந்தக் குனிவும் போய்விடும். அதனால் எடுக்கவில்லை. யோசித்து எடுத்த முடிவில்லை அது. கை வரவில்லை, அவ்வளவுதான்.

பட்டிருப்புப் பாலத்தில் வாவி இரண்டு பக்கமும் தளும்பிக் கிடந்தது. மழை கொண்டுவந்த தண்ணீர் இன்னும் வடியவில்லை. மீன்பிடித் தடிகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து நின்றன. பாலத்துக்கு அடியிலிருந்து கூழைக்கடாக் கூட்டம் ஒன்று எழும்பி, கெப்புக்குச் சமமாகக் கொஞ்சத் தூரம் பறந்தது. ஒன்று ஜன்னலுக்கு வெகு கிட்ட வந்தது, அதன் மஞ்சள் கண்ணை அவன் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது. மேனுகா என்றால் தலையை வெளியே விட்டுக் கத்தியிருப்பாள்.

போரதீவு தாண்டி ஆற்றங்கரையோரம் வளைந்ததும் பாதை அடைத்திருந்தது. முதலை. தார் ரோட்டுக்குக் குறுக்கே, வாய் ஒரு பக்கம் வால் மறுபக்கமாக, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மீன் பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"ஹோர்ன் அடிக்காதீங்க தம்பி" என்று கத்தினார். "நான் அடிச்சுப் பார்த்த. வாயத் திறந்து காட்டுறார்."

"எப்ப போகுமாம்?" என்று மாமி கேட்டார்.

"போயா லீவுதானே அம்மா. எங்கள விட அவருக்குத்தான் கட்டாய லீவு."

மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போகப் போகுது."

"அத முதலையிட்டச் சொல்லுங்க" என்றாள் தக்ஷாயினி. பிறகு முன் ஆசனத்துப் பக்கம் சரிந்தாள். "அத்தான், நீங்களும் அதுவும் ஒரு சாதிதான். குறுக்கால படுத்துக் கிடந்தா, பாக்கிறவங்க தங்கட பாட்டுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்ளுவாங்க."

"தக்ஷா, வாயப் பொத்து."

நிதுர்ஷன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் கண் சிவந்திருந்தது. நித்திரை இல்லாத கண். அது அவனுக்கு எங்கேயோ லேசாகத் தட்டுப்பட்டது. அதற்குள் முதலை எழும்பி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்து, தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

வெல்லாவெளியில் வட்டை விளைந்து கிடந்தது. கண் எட்டும் தூரம் மஞ்சள். மாமி இறங்கி வரம்பில் நின்று ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். "பெரியவளுக்கெண்டு எழுதின காணி. வீட்டோடயே இருக்க வேணும், பிறத்தி ஆள் கையில போகக் கூடாது" என்றார். நிதுர்ஷன் காவல் பரணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் கால் ஒன்று முறிந்து புதுத் தடி வைத்துக் கட்டியிருந்தது. யானை வந்து போயிருக்கிறது.

வந்த யானை வெகு தூரம் போகவில்லை.

வட்டைக்கு அப்பால் தார் ரோட்டு செம்மண் கிறவலாக மாறியது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பற்றைக்காடு. கெப் திருப்ப இடமில்லை. பற்றையை விலக்கிக்கொண்டு அது வெளியே வந்தபோது, ஒரு மேடு நடக்கத் தொடங்கியது போலத்தான் முதலில் இருந்தது. தனியன். செம்மண் பூசிய முதுகு. காதை ஒருமுறை அடித்துவிட்டுக் கெப்பை நோக்கி வந்தது.

நிதுர்ஷன் இஞ்சினை நிறுத்தினான். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கல் ஆசனத்துக்கு அடியில்தான் கிடந்தது. இறங்கி அடை வைக்கிற நேரமில்லை அது.

"பிள்ளையாரே" என்றார் மாமி. குரல் காற்றாக வந்தது.

"கண்ணாடிய ஏத்துங்க" என்றான். "கதைக்க வேணாம். கையக் காட்ட வேணாம்."

யானை முன்கண்ணாடியருகே வந்து நின்றது. அதன் வயிற்றுக்குள் உருளும் சத்தம் தகரத்தினூடாகக் கேட்டது. தும்பிக்கை பொனெட்டைத் தடவியது, கூரையைத் தடவியது, தக்ஷாயினியின் ஜன்னல் கண்ணாடியில் ஈரக் கோடு போட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு அது பின்பக்கம் போனது. கெப் ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. நிதுர்ஷன் பிரேக்கை இன்னும் அழுத்தினான். பின்பார்வைக் கண்ணாடியில் நீலப் படங்கு மேலே எழும்பியது. கயிறு நூல் போல அறுந்தது.

தாம்பாளங்கள் கிறவலில் விழுந்து உருண்டன.

முதலில் வாழைப்பழம். கதலிச் சீப்புகள். யானை ஒவ்வொன்றாக எடுத்து, மண் தட்டி, நிதானமாக வாய்க்குள் வைத்தது. அடுத்து தேங்காய்; காலால் லேசாக அமர்த்தியது, வெடித்தது. வெற்றிலை பாதை முழுக்கப் பறந்தது. ஒரு தட்டத்திலிருந்து மாம்பழ நிறச் சாறி அவிழ்ந்து வாய்க்காலை நோக்கி நீண்டது. இன்னொன்றிலிருந்து சரிகைக் கரை வேட்டி, கடைத் தாள் உறை பிரியாமல். யானை அதை முகர்ந்தது, பிடிக்கவில்லை, மிதித்துக்கொண்டு மறுபடி பற்றைக்குள் நுழைந்தது. கிளைகள் முறியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

முதலில் பேசியவர் மாமிதான்.

"பாத்தீங்களா?" கண் நிறைந்திருந்தது. இரண்டு கையையும் நெற்றிக்கு மேல் கூப்பினார். "பிள்ளையார்தானே வந்து ஏத்துக்கொண்டு போறார். இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? கோயிலுக்குப் போகத் தேவையே இல்ல போல."

நிதுர்ஷன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேட்டி. சாறி. வெற்றிலை. அவனுக்குள் ஏதோ ஒன்று, நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு போல, கிறீச்சிட்டது.

"மாமி" என்றான். "அந்தத் தட்டம் ஆருக்கு?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் கேட்ட கேள்வி அது.

"வேட்டி உங்களுக்கு அத்தான்" என்றாள் தக்ஷாயினி. "சாறி எனக்கு. வாழைப்பழம் யானைக்கு." சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. "கோயில்ல மாமா காத்துக்கொண்டு இரிக்கார். தட்டம் மாத்தினா முடிஞ்சிது. நீங்க ஓமெண்டுட்டீங்களாம். அம்மா சொன்னா."

"நான் ஒண்டும் சொல்லல்லியே."

"அதத்தான் ஓமெண்டு எடுத்திரிக்கா."

"பின்ன?" மாமி இப்போது சீறினார். "திவசம் முடிஞ்சிது, பெட்டிய எடுக்கல்ல. உடுப்ப எங்கட கொடியிலதானே போட்டீங்க? ஊர்ல கேட்டவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? நல்ல பொடியன், என்ட வீட்ட விட்டுப் போக மாட்டான் எண்டு நெஞ்சு நிறைஞ்சு இருந்தனே. அதுவும் பிழையா?"

அது பிழையில்லை. அதுதான் கரைச்சல். நிதுர்ஷன் கதவைத் திறந்து இறங்கினான். கல்லை எடுத்துச் சில்லுக்கு அடை வைத்தான். பிறகு குனிந்து சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினான். தாம்பாளம். நெளிந்த இன்னொரு தாம்பாளம். சாறியை வாய்க்காலிலிருந்து இழுத்துப் பிழிந்தான். வேட்டி உறையின் மேல் வட்டமாக ஒரு பாதம், விளிம்பில் நகம் நகமாகப் பதிந்திருந்தது. கை வேலை செய்தபோது தலையும் வேலை செய்தது. இப்படியே ஏறி, பேசாமல் ஓட்டினால் போதும். வீடு கிடைக்கும். கொடி கிடைக்கும். காலையில் மாமியின் தேத்தண்ணி கிடைக்கும். நித்திரை இல்லாத கண்ணோடு இந்தப் பெண் அதே அறைக்குள் வந்து படுப்பாள்.

பின்கதவருகே போனான். "தக்ஷா, உனக்குச் சம்மதமா? உண்மையச் சொல்லு."

அவள் மூக்கைத் துடைத்தாள். "சின்னனில இருந்து அக்காட சட்டையத்தான் அளவு குறைச்சு எனக்குப் போட்டாங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. இதுக்கு அளவு குறைக்க ஏலாது அத்தான். நீங்க எனக்கு அத்தான். அவ்வளவுதான்."

"ஏன் முதலே சொல்லல்ல?"

"நான் மாட்டன் எண்டா நீங்க பெட்டிய எடுக்க வேணும். அக்கா செத்த வீட்டில இருந்து உங்களத் துரத்துற ஆளாக நான் இருக்க வேணுமா?"

அவன் பொறுக்கியதைப் பின்தட்டில் ஏற்றினான். பிறகு முன்பக்கம் வந்து மாமியின் கதவைத் திறந்தான். அவர் முகத்துக்கு நேரே சொன்னான்.

"மாமி, நான் இதுக்குச் சம்மதிக்கல்ல. சம்மதிக்க மாட்டன். வீட்டில இருந்தது என்ட பிழை. எனக்கு எழும்ப ஏலாம இருந்த. இண்டைக்கு எழும்புறன்."

"யானை வந்து வாங்கிட்டுப் போன பிறகா?"

"யானைக்குப் பசி மாமி."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்ப வண்டியத் திருப்புங்க. அண்ணனுக்கு முன்னால நான் எந்த மூஞ்சோட போய் நிக்கிற?"

"திருப்ப இடமில்ல. இருந்தாலும் திருப்ப மாட்டன். அவர் காத்துக்கொண்டு இரிக்கார். நானே சொல்லுறன்."

சில்லடிக் கல்லை எடுத்துப் போட்டு வண்டியைக் கிளப்பினான். ஆற்றங்கரையில் ஆண்மயில் ஒன்று ரோட்டு நடுவே தோகையை விரித்து ஆடியது. ஒரு பெட்டையும் அதைப் பார்க்கவில்லை. வேறு நாளாக இருந்தால் தக்ஷாயினி சும்மா விட்டிருக்க மாட்டாள்.

கோயில் வீதியில் மருத மர நிழலில் மாமியின் அண்ணன் வினாயகமூர்த்தி உத்தரீயத்தோடு நின்றார். கெப்பைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மண் பூசிய தாம்பாளங்களைக் கண்டதும் சுருங்கியது.

"என்ன நடந்த? எங்கயாவது புரண்டதா?"

"யானை" என்றான் நிதுர்ஷன். "அத விடுங்க பெரியப்பா. நான் ஒரு கதை சொல்ல வேணும். இந்தக் கலியாணம் நடக்காது. தக்ஷாவில ஒரு குறையும் இல்ல. மாமியில ஒரு பிழையும் இல்ல. மாட்டன் எண்டு சொல்லுறது நான். ஆரும் கேட்டா அப்படியே சொல்லுங்க."

கிழவர் மேலும் கீழும் பார்த்தார். "மாட்டாத ஆள் ஏன் தம்பி பெட்டிய எடுக்கல்ல?"

"எடுக்க ஏலல்ல."

"இப்ப?"

"இப்ப ஏலும்."

"படிச்ச ஆக்கள்" என்றார் அவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு. "குமர்ப்பிள்ளையச் சந்தி சிரிக்க வச்சிட்டு, வாய் துறக்க ஒரு யானை வேணுமாக்கும்."

அந்தப் பேச்சு நிதுர்ஷனுக்கு வலித்தது. வலித்தது என்பதைக் கவனித்தான். காலில் இரத்தம் திரும்ப ஓடும்போது வருமே, அப்படி ஒரு குத்தல்.

மாமி உள்ளே போய்க் கும்பிட்டு வந்தார். அர்ச்சனைத் தட்டை அவன் பக்கம் நீட்டவில்லை. பிறகு, கெப்பில் ஏறப்போகும்போது, ஒரு விரலால் திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் இழுத்துவிட்டார். கோபமாகத்தான் இழுத்தார்.

மண்முனைப் பாலத்தைக் கடந்து கடற்கரை ரோட்டுக்கு வந்தபோது வெயில் சரிந்திருந்தது. இடப்பக்கம் கடல், பெரிய அலைகளோடு. சவுக்கு மரங்களின் நிழல் ரோட்டில் கோடு கோடாக விழுந்தது. கிரான்குளத்துக்குக் கிட்ட மணல் மேட்டிலிருந்து ஒரு நரி இறங்கி வந்து, வாயில் நண்டோடு, கெப்புக்கு முன்னால் நின்றது. நிதுர்ஷன் மெதுவாக்கினான். நரி அவர்களை நேருக்கு நேர் பார்த்தது. நண்டு அதன் வாயில் காலை ஆட்டியது.

"அம்மா, நரி" என்றாள் தக்ஷாயினி. "நரி முகத்தில முழிச்சிருக்கிறம். சகுனம் ஒண்டும் சொல்லல்லியா?"

"எனக்கு இண்டைக்கு மிருகம் போதும்" என்றார் மாமி.

தக்ஷாயினிதான் முதலில் வெடித்தாள். மாமி சாறித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நிதுர்ஷன் திரும்பிப் பார்க்கவில்லை. நரி மறுபக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு ஓட்டினான்.

வீட்டு வாசலில் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு நேரே அறைக்குப் போனான். கட்டிலுக்கு அடியிலிருந்த தோற்பெட்டியை இழுத்தான். தூசி. சட்டைகளை மடித்து வைத்தான். மேனுகாவின் அலுமாரியை அவன் திறக்கவில்லை. அது அந்த வீட்டுச் சாமான்.

"நாளைக்கு எடுக்கலாமே" என்றார் மாமி கதவடியில் நின்று. "சோறு வச்சிரிக்கன்."

"தின்னுறன் மாமி. திண்டுட்டுப் போறன். நாளைக்கெண்டா மறுகா ஏலாமப் போயிரும்."

தின்றான். கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனான், வந்தான். இரண்டு முறையும் கொடிக்குக் குனிந்தான். அதில் அவன் துவாய் ஒன்று காய்ந்தது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கொடி வெறுமையாக ஆடியது. அப்போதுதான் அழுதான், கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து, துவாயை வாயில் வைத்துக்கொண்டு. யாரும் கூப்பிடவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு எழும்பினான்.

பெட்டியை முன் ஆசனத்தில் ஏற்றும்போது மாமி வந்தார். கையில் கடைத் தாள் உறை. அதன் மேல் காய்ந்த சேற்றில் வட்டமாக ஒரு பாதம்.

"யானை மிதிச்ச வேட்டிய நான் ஆருக்குக் குடுக்கிற? சேறு உறைக்குள்ளயும் ஊறியிரிக்கு, தோய்ச்சாலும் போகாது. வச்சுக்கொள்ளுங்க."

"மாமி..."

"தட்டத்தில வச்சுத் தரல்ல. கையில தாறன். அடுத்த திவசத்துக்கு இதக் கட்டிக்கொண்டு வாங்க. வருவீங்கதானே?"

"வருவன் மாமி."

தக்ஷாயினி சில்லடியிலிருந்த கல்லை எடுத்து வந்து அவன் ஆசனத்துக்குக் கீழே போட்டாள். "முனாப் காக்காட கைபிரேக். துலைச்சுப் போடாதீங்க" என்றாள்.

அவன் வண்டியைக் கிளப்பி வடக்கே, தாய் வீட்டுப் பக்கம் திரும்பினான். வேட்டி பெட்டியின் மேல் கிடந்தது. இப்போது கடல் வலப்பக்கம் வந்திருந்தது. முனாபிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்: இந்தக் கைபிரேக்கை ஏன் இன்னும் திருத்தவில்லை?